அந்த வாசனையை இனி ரசிக்காதே

அன்புள்ள நண்பா,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. இதைப் படித்து முடித்த பிறகு கோபித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். வாத்தியாருக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் பிடிவாதம் கூடிவிட்டது. அண்ணியை நான் மிகவும் கேட்டதாகச் சொல்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் கார். சரியாகச் சொன்னால், உன் காரும்தான்.

மூன்று வாரமாகக் காருக்குள் லேசாகப் பெட்ரோல் வாசனை வந்துகொண்டிருந்தது. கிளப்பிய முதல் ஐந்து நிமிடம் இருக்கும், பிறகு மறைந்துவிடும். பழைய வண்டி என்றால் வாசனை இருக்கத்தான் செய்யும், வாசனை இல்லாதது வண்டியே இல்லை என்று நீ உன் பச்சை வண்டியின் பானெட்டைத் தட்டிச் சொல்வாயே, அதையேதான் நானும் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரவில் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்துப் பார்த்தேன். காலையில் அட்டை காய்ந்தே கிடந்தது. சரி, கசிவு இல்லை என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் சின்னவள் பின் சீட்டிலிருந்து, “அப்பா, தலை வலிக்கிறது, கண்ணாடியை இறக்கட்டுமா” என்றாள். எனக்குச் சுரீரென்றது. வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் ஃபில்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ், அதை இறுக்கும் கிளாம்ப் பட்டை பிடித்திருக்கும் இடத்தில் ஈரமாக மின்னியது. அதற்கு ஒரு சாண் கீழே, என்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், தொட முடியாத சூட்டில். கண் முன்னாலேயே அந்த ஈரம் ஆவியாகிக் காணாமல் போனது. அட்டை ஏன் காய்ந்து கிடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பம்ப் ஓடும்போது மட்டும் அழுத்தத்தில் கசிகிறது. கசிவது சூட்டில் காய்ந்துவிடுகிறது. தரைக்கு ஒரு சொட்டும் வருவதில்லை. அங்கிருந்து வண்டியைக் கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். காற்றில் அந்த ஆவி 1.4 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். மூன்று வாரம் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதை நினைத்து இரண்டு இரவு தூக்கம் வரவில்லை.

ஹோஸைக் கழற்றிப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுதியே ஆகவேண்டும். அது பழைய ஹோஸே இல்லை. இரண்டு ஆண்டுக்கு முன் ஒருவர் மாற்றிக் கொடுத்தது. மேலே அச்சிட்டிருந்த ரகக் குறியீட்டைத் துடைத்துப் படித்தேன்: எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7. அது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிக்கான ரகம். கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம் அழுத்தத்தை அளக்கும் ‘பார்’ கணக்கில் அரைகூட இருக்காது. என் வண்டி இன்ஜெக்‌ஷன். பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் அதில், வண்டி ஓடும் நேரமெல்லாம் சுமார் 3 பார் அழுத்தம் நிற்கும். அதற்கு ஆர்9 போட வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு ரப்பர்தான், அதனால் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டார். போதாததற்கு, பட்டையில் வரிவரியாகத் துளையிட்ட சாதாரண கிளாம்ப்பைப் போட்டு இறுக்கியிருக்கிறார். அந்தத் துளைகளின் விளிம்பு ரப்பரைக் கத்தி போல அறுத்திருந்தது. கசிந்த இடமே அதுதான். ஹோஸை வளைத்துப் பார்த்தால், நேராக இருந்தபோது தெரியாத வெடிப்புகள் வறண்ட ஏரித் தரை போல விரிந்தன. எத்தனால் கலந்த பெட்ரோல் அதற்கு ஏற்காத ரப்பரை உள்ளிருந்தே கெடுக்கும் என்று வாத்தியார் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், நாம் காதில் வாங்கியதில்லை.

இந்த முறை நானே மாற்றினேன். வாத்தியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்றையும் தொடாமல், எல்லாவற்றையும் செய்யவைத்தார். முதல் நாள் மாலையே பெட்ரோல் மூடியைத் திறந்து மூடி, பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, திறந்த வெளியில் என்ஜினைக் கிளப்பி, தானாக நிற்கும்வரை விட்டோம். என்ஜினை அணைத்த பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அப்படியே கிளாம்ப்பைத் தளர்த்தினால் முகத்தில் பீய்ச்சும். பிறகு இரவு முழுக்க ஆறவிட்டோம். காலையில் வேலை தொடங்குவதற்கு முன் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும், அதனால் ஷெட்டுக்குள் வேலையே வேண்டாம் என்று வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். தீயணைப்பானைக் கை எட்டும் இடத்தில் வைத்த பிறகுதான் திருப்புளியை என்னிடம் கொடுத்தார்.

ஹோஸ் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. முறுக்கி இழுக்கப் போனேன், அதட்டினார். முறுக்கினால் மெல்லிய இரும்புக் குழாய் வளைந்துவிடும், பிறகு செலவு வேறு திசையில் போகும். நுனியை நீளவாக்கில் கீறிப் பிரித்தேன், கத்தி குழாயில் படாமல். குழாயில் ஒரு கோடு விழுந்தாலும் புது ஹோஸ் அந்தக் கோட்டின் வழியே கசியும். நேரம் போனதெல்லாம் இந்த இடத்தில்தான். புதியதைப் பொருத்துவது அரை மணி வேலைகூட இல்லை. கூரான பிளேடால் நேராக வெட்டி, உள்ளே தூசு இல்லாமல் ஊதி, குழாயின் நுனியில் இருக்கும் மேட்டைத் தாண்டி ஓர் அங்குலம் நன்றாக ஏற்றி, கிளாம்ப்பை அந்த மேட்டுக்குப் பின்னால் வைத்து இறுக்கினேன். கிளாம்ப் இந்த முறை துளையில்லாத பட்டை, ஓரம் மடித்தது. அடுத்து, சாவியை இரண்டு நொடி திருப்பி அணைத்து, திருப்பி அணைத்து, மூன்று தடவை பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன். ஈரம் இல்லை என்று உறுதியான பிறகுதான் கிளப்பினேன். வண்டி சூடாகி ஆறிய பிறகு இன்னொரு தடவை ஒற்றிப் பார்த்தேன். டேங்குக்குத் திரும்பிப் போகும் ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிட்டேன். ஒன்று போனால் கூடவே வயதானதும் போகத்தான் காத்திருக்கும்.

பத்து நாளாகக் காருக்குள் ஒரு வாசனையும் இல்லை. நேற்றுச் சின்னவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டே வந்தாள். அவள் தூங்குவதைக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் உன் நினைவு வந்தது. உன் பச்சை வண்டியில் கடைசியாக எப்போது ஹோஸ் மாற்றினாய்? நம் கூட்டத்தில் யாருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை. போன முறை வந்தபோது நீ பெருமையாகக் காட்டிய அந்த வாசனை இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கார்புரேட்டர் வண்டிதானே, அழுத்தம் குறைவுதானே என்று சொல்லாதே. பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் அந்தச் சின்ன ஹோஸ் என்ஜினின் தலைமேலேயே கிடக்கிறது, கசிந்தால் நேரே சூட்டில்தான் விழும்.

இந்த வாரமே ஒரு வேலை செய். என்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வொரு ஹோஸையும் மெதுவாக வளைத்துப் பார். கல்லாய் இறுகியிருந்தாலும், பஞ்சாய் நொய்ந்திருந்தாலும், வெடிப்பு தெரிந்தாலும் வண்டியை எடுக்காதே, எனக்குச் சொல். மேலே அச்சு ஏதாவது இருந்தால் அப்படியே எழுதி அனுப்பு. இரும்புக் குழாயின் வெளி விட்டத்தையும் அளந்து எழுது. என்னிடம் 8 மில்லிமீட்டர் ஆர்9 ஹோஸ் முக்கால் மீட்டர் மிச்சம் இருக்கிறது; உன் வண்டிக்கும் அது தாராளமாகப் போடலாம் என்கிறார் வாத்தியார். அளவு பொருந்தினால் அதையும் நான்கு கிளாம்ப்பையும் எடுத்துக்கொண்டு அவரோடு நேரே வந்துவிடுகிறேன். நாற்காலி மட்டும் ஒன்று எடுத்துப் போட்டு வை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்