தம்பியின் டைரியைக் கேட்டு வந்தவருக்கும், உடன் நின்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

வழக்கறிஞரான என் தம்பியை இழந்துவிட்டோம். நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுதும் தெம்பு எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. நன்றி சொல்வதை மேலும் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை. அதனால் அம்மா, அப்பா சார்பில் மூத்தவளான நான் எழுதுகிறேன்.

ரத்தம் கொடுக்க நள்ளிரவில் வரிசையில் நின்ற சட்டக் கல்லூரி மாணவர்கள், பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்ட ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் அம்மாவை உள்ளே விட்ட செவிலியர், அவனுடைய நண்பர்களான இளம் வழக்கறிஞர்கள், வேன் பிடித்து வந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்த செங்கல் சூளைப் பெண்கள் என்று எத்தனையோ பேர். பலரின் முகம் நினைவில் இருக்கிறது, பெயர் தெரியவில்லை. அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

சுவரொட்டிகளில் ‘மனித உரிமைப் போராளி’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அன்பினால் செய்தது, குறை சொல்லவில்லை. ஆனால் தம்பி பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பான். அவன் வேலையில் பெரும்பகுதி நாள் எண்ணுவதுதான். யார் எத்தனை நாளாக உள்ளே இருக்கிறார், குற்றப்பத்திரிகை வந்துவிட்டதா, ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் எவராவது சிறையிலேயே கிடக்கிறாரா? இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். 1979-இல் பீகார் சிறைகளைப் பற்றிய செய்தித்தாள் கட்டுரைகளைப் படித்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானியின் கதையும் அப்படித்தான் எங்களுக்கு மனப்பாடம் ஆயிற்று. சாட்டப்பட்ட குற்றத்துக்கு உரிய தண்டனைக் காலத்தைவிட அதிக நாட்கள் விசாரணைக் கைதியாகவே கழித்தவர்கள் அங்கே இருந்தார்கள். “அவர்களுக்காக யாரும் நாள் எண்ணவில்லை அக்கா, அவ்வளவுதான் விஷயம்” என்பான்.

இனி, நான் முக்கியமாக எழுத வந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு, விரல் நுனிகளில் போகாத ஊதா மை. வேறொரு மூத்த வழக்கறிஞரிடம் பல காலமாகக் குமாஸ்தா. தம்பிக்கென்று குமாஸ்தா யாரும் இல்லை. வைத்துக்கொள்ளும் வருமானமும் இல்லை. வந்தவர் எப்படி நடந்தது, கடைசியாக என்ன பேசினான் என்றெல்லாம் கேட்கவில்லை. சற்று நேரம் படத்தின் முன் நின்றார். பிறகு என்னிடம் வந்து, “வக்கீல் தம்பியின் டைரி எங்கே இருக்கிறது அம்மா?” என்றார். ‘இந்த நேரத்தில் டைரியா?’ என்று அத்தை காதுபடவே முணுமுணுத்தார்.

எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் இரண்டு பத்திகளாகப் பழைய சட்டப் பிரிவுகளும் புதிய சட்டப் பிரிவுகளும். 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்து எண்கள் மாறியபோது தம்பி எழுதிவைத்துக்கொண்டவை. 167 என்பதை அடித்து 187 என்று போட்டிருந்தான். பெரியவர் அதைத் தாண்டி, வரவிருக்கும் வாய்தாக்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு தேதியில் விரல் நின்றது. சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம், உள்ளே 61. கீழே சிறையில் இருந்த ஒரு பையனுடைய பெயரின் முதலெழுத்து, ‘அம்மாவுக்குப் போன் இல்லை’ என்ற குறிப்பு.

எனக்கு அது வெறும் எண். அவருக்கு அப்படியல்ல. கைது செய்யப்பட்டவர் மீது, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். மனுப் போடும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க நீதிபதி உத்தரவிட்ட, நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், தம்பி அப்படியே எண்ணி வட்டம் போட்டிருந்தான். வட்டத்துக்குள் இருந்த நாள் நெருங்கிவிட்டிருந்தது. வழக்கறிஞர் இறந்தால் அவர் பெயரில் உள்ள வக்காலத்தும் செல்லாது. அந்தப் பையனுக்காகப் பேச அன்றைக்கு உலகில் ஒருவரும் இல்லை.

குமாஸ்தா வழக்காட முடியாது. அவர் செய்தது வேறு. தம்பியின் நண்பர்களில் ஓர் இளம் பெண் வழக்கறிஞரைப் பிடித்தார். சிறையில் பையனிடம் கையெழுத்து வாங்கி, சிறை அலுவலர் சான்றொப்பத்துடன் புதிய வக்காலத்துக்கு ஏற்பாடு செய்தார். 61-ஆம் நாள் நீதிமன்றம் கூடியதும் மனு உள்ளே போயிற்று. குற்றப்பத்திரிகை அன்று பிற்பகல் வந்து சேர்ந்ததாம்!

சில நாள் கழித்து அந்தத் தாய், மகனையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் அம்மா அதுவரை அழாத அழுகையை அன்று அழுதார். பெரியவருக்கு நன்றி சொல்லப் போனால், “வாய்தா தவறக் கூடாது அம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு மற்ற வழக்குக் கட்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். தன் சொந்த வேலை முடிந்த பின், மாலை தோறும் வந்து கட்டுகளைப் பிரித்து, எது யாரிடம் போக வேண்டும் என்று எழுதி வைத்தவர் அவர். ஐயா, உங்கள் பெயரைப் போடக் கூடாது என்று சொன்னீர்கள், போடவில்லை. நன்றி சொல்லக் கூடாது என்றும் சொன்னீர்கள். அதை மட்டும் கேட்க மாட்டேன்.

நான் கணக்கு ஆசிரியை. சட்டம் தெரியாது, நாள் எண்ணத் தெரியும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர, சட்டப் படிப்பு கட்டாயமில்லை என்று அறிந்தேன். விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா, ‘இவளும் கிளம்பிவிட்டாள்’ என்கிறார். தடுக்கவில்லை.

தம்பி வழக்கு நடத்திய கட்சிக்காரர்களில் சிலர் இன்னும் கட்டு வாங்கிச் செல்லவில்லை. மாலையில் நான் வீட்டில்தான் இருப்பேன், கூச்சப்படாமல் வாருங்கள். வேறு வழக்கறிஞரை அமர்த்த வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வரும்போது உங்கள் வழக்கு எண்ணைக் குறித்து வாருங்கள். கட்டுகளை அந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறோம்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா