இரவு லாரியில் போன விருந்தாளிகள்

அன்புள்ள சுந்தரம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் பையன் போனில் சொன்னான். மறுநாளே பேப்பரும் கையுமாக உட்கார்ந்துவிட்டாயாமே! சொட்டு மருந்தை மட்டும் வேளாவேளைக்கு விட்டுக்கொள். உனக்கு வைத்த லென்ஸ் மதுரையிலேயே செய்ததாக இருக்கலாம். 1992-ல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கிய பிறகுதான் அது ஏழைபாழைக்கும் எட்டுகிற விலைக்கு வந்தது.

இப்போது எரித்ரியாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கேயும் ஒரு லென்ஸ் கதை உண்டு.

செங்கடல் ஓரத்துச் சின்ன நாடு. 1962-ல் எத்தியோப்பியா அதைத் தன் மாகாணமாக்கி விழுங்கியது. அதற்கு முந்தின வருடமே சண்டை தொடங்கிவிட்டது. 1991 வரை ஓயவில்லை. முதலில் அமெரிக்கா, அப்புறம் சோவியத் என்று பெரிய கைகள் எல்லாம் எத்தியோப்பியா பக்கம். உள்ளே போக நினைத்த பத்திரிகைக்காரர்களும் டாக்டர்களும் நிவாரண ஆட்களும் பெரும்பாலும் சூடான் வழியாகத்தான் போனார்கள். போராளிகளின் லாரிகள் இருட்டில் மலைப்பாதையில் ஓடும். பொழுது விடிந்தால் எத்தியோப்பியாவின் மிக் போர் விமானங்களுக்குப் பயந்து லாரியை மரத்தடியில் மறைத்துவிட்டு எல்லோரும் படுத்துவிடுவார்கள்.

ஓரோட்டா பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்து ஆஸ்பத்திரியே நடத்தினார்கள். ஆபரேஷன் தியேட்டர், மாத்திரை செய்யும் கூடம் எல்லாம் உள்ளேயே. படையில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அவர்களுக்கான நாப்கினையும் அங்கேயே தயாரித்தார்கள். ஆணும் பெண்ணும் போட்டது ஒரே மாதிரி பிளாஸ்டிக் செருப்பு. வார் அறுந்தால் நெருப்பில் காட்டி ஒட்டிக்கொள்ளலாம். இன்று தலைநகர் அஸ்மராவில் அந்தச் செருப்புக்கே சிலை வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து செருப்புக்குச் சிலை வைத்த ஊர் வேறு இல்லை.

1987-ல் அங்கே போனவர் ஃபிரெட் ஹாலோஸ் என்ற கண் டாக்டர். நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் இருந்தவர், வாய் கொஞ்சம் முரடு. இந்த ஜனங்களே லென்ஸ் செய்துகொள்வார்கள் என்று நம்பி ஊருக்குத் திரும்பிப் பணம் திரட்டினார். 1993-ல் இறந்துபோனார். அடுத்த வருடம் அஸ்மராவில் தொழிற்சாலை வந்தது.

மற்ற விருந்தாளிகள் பலர் சொக்கிப்போய்த் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. குண்டு விழுகிற இடத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு இளகாது? ஆனால் லாரி போராளி இயக்கத்துடையது, மொழிபெயர்ப்பாளர் இயக்கத்து ஆள், எந்த ஊரில் நிறுத்துவது என்பதும் அவர்கள் முடிவு. இவ்வளவு கட்டுப்பாடு எப்படி வருகிறது, எதிர்த்துப் பேசினவன் என்ன ஆவான் என்று கேட்டவர்கள் குறைவு. சண்டையில் ஜெயித்து அந்த இயக்கமே ஆட்சிக்கு வந்தது. 1997-ல் ஏற்ற அரசியல் சட்டம் இன்னும் ஏட்டோடு கிடக்கிறது. தேசியத் தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை. 2001 செப்டம்பரில் தனியார் பத்திரிகைகளை ஒரேயடியாக மூடி, எழுதியவர்களை உள்ளே தள்ளினார்கள். இயக்கத்தின் பழைய தலைவர்களில் 11 பேரும் அப்போதே சிறைக்குப் போனார்கள். விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை.

இதனால்தான் எனக்கு ஹாலோஸைப் பிடிக்கிறது. அவர் போன வேலையில் யாரையும் நம்பவேண்டிய அவசியமில்லை. கட்டு அவிழ்த்தால் கண் தெரியும், இல்லை தெரியாது.

நீ என்ன சொல்கிறாய்? டாக்டர் அனுமதித்த பிறகு எழுது, அவசரமில்லை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வேலாயுதம்