பிள்ளை இன்னும் வரவில்லை, நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறோம்

கல்லடி, காரைதீவு, கல்முனை, அப்புறம் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற எங்கட ஆட்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன கிழமை எங்கள் மகவேற்புக் கோப்பு, அதாவது பிள்ளையைத் தத்தெடுக்கும் கோப்பு, ஒன்டாரியோ அமைச்சின் அனுமதியோடு இலங்கைக்குப் போய்விட்டது. "பிள்ளை வந்த பிறகு எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லலாமே" என்றார் இவர். அது எப்போது என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்காக ஒன்றரை வருஷம் ஓடித் திரிந்தவர்களை அதுவரை காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் நன்றி, எங்களைத் தடுத்து நிறுத்திய ஐயாவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முந்தின வருஷம் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்குக் காரைதீவு போயிருந்தோம். சடங்கை முடித்து வைக்கிற குளிர்த்தி நடந்த மறுநாள், விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே ஒருவர் வந்தார். "ஒரு பிள்ளை இருக்கு, தாய்க்கு வளர்க்க வழியில்லை, ஆறு மாசத்தில கையில தாறன்" என்றார். ஒரு தொகையும் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. பதினொரு வருஷம் காத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் என்றால் எப்படியிருக்கும்! மாமி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, விடிந்ததும் எங்களை ஆட்டோவில் ஏற்றி அந்த ஐயா வீட்டில் கொண்டுபோய் இறக்கினா. ஐயா நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மகவேற்புக்கென்று காசு கை மாறினால் அது குற்றம் என்பதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நீளமாகச் சொன்னது 1980களின் கதையை. இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போன காலம் அது. சில வழக்குகளில் பெற்ற தாய்க்குப் பதிலாக வேறொரு பெண் தாயென்று வந்து நின்றிருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பது வயதில் வந்து தாயைத் தேடுகிறார்கள், கடுதாசியில் இருக்கிற பெயரோ தாயின் பெயரில்லை. இப்படியான முறைகேடுகளை விசாரித்த பிறகுதான் நெதர்லாந்து 2021 பெப்ரவரியில் வெளிநாட்டு மகவேற்பையே நிறுத்தி வைத்தது. சுனாமிக்குப் பிறகு யாருடைய பிள்ளை என்று தெரியாமல் கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்த 'குழந்தை 81' உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றவர்களே மரபணுச் சோதனை வரை போய்த்தான் தங்கள் பிள்ளையை வாங்க முடிந்தது.

"உங்கட பிள்ளை இருவது வயசில வந்து கேட்டா என்ன கடுதாசி காட்டுவீங்க?" என்றார். நாங்கள் பேசாமல் எழுந்து வந்தோம்.

தொடங்க வேண்டிய இடம் மட்டக்களப்பு இல்லை, நாங்கள் குடியிருக்கிற கனடா என்று விளக்கியவரும் அவர்தான். வெளிநாட்டு மகவேற்பு பற்றிய 1993இன் ஹேக் உடன்படிக்கை 1995 மே 1இல் நடைமுறைக்கு வந்தபோது அதை ஏற்றிருந்த முதல் மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதன்படி முதலில் நாங்கள் இருக்கிற நாடு எங்களைத் தகுதியானவர்கள் என்று சொல்ல வேண்டும். பிள்ளைக்கு உள்நாட்டில் ஒரு வீடு கிடைக்குமா என்று பார்த்த பிறகுதான் வெளிநாட்டாரின் முறை வரும். எந்தப் பிள்ளை என்று தெரிவு செய்வதும் நாங்களல்ல, பத்தரமுல்லையில் இருக்கிற நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம். வாவித் தண்ணியில் நீந்தி வளர்ந்தவள் நான், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுக்காரி. கொஞ்சம் சுட்டது, பிறகு சரியென்று பட்டது.

அடுத்த நன்றி பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவுப் பகுதியில் இருந்த தங்கச்சிக்கு. 1990இல் சண்டைக்குப் பயந்து ஓடும்போது என் பிறப்புச் சான்றிதழ் போனது, இவருடையதை 2004இல் கடல் கொண்டுபோனது. புதுப் பிரதி எடுத்தால் அப்பாவின் பெயர் அதில் ஒரு மாதிரி, பாஸ்போட்டில் இன்னொரு மாதிரி. "அக்கா, இத இப்பவே திருத்தாட்டி கோப்பு திரும்பி வரும்" என்று சொல்லி, சத்தியக் கடுதாசியில் என்ன எழுத வேண்டும் என்று வரிவரியாகக் காட்டித் தந்தா. அவவின் வேலையே இல்லை அது. கிராம சேவகர், சமாதான நீதவான், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மூவருக்கும் நன்றி. மொழிபெயர்ப்பாளரை நான் இரவு பதினொரு மணிக்கெல்லாம் எழுப்பியிருக்கிறேன், மன்னிக்க வேண்டும்.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வந்து வீட்டு ஆய்வு எழுதிய சமூகப் பணியாளருக்கும் நன்றி. கட்டில் எங்கே, மருந்துப் பெட்டி எங்கே என்று பார்ப்பதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தோம். இருவரையும் தனித்தனியே இருத்தி, உங்களை எப்படிக் கண்டித்து வளர்த்தார்கள் என்று கேட்டா. இவர் பூவரசங் கம்பின் வகைகளைப் பற்றி அரை மணி நேரம் விளக்கியிருக்கிறார்! அதன் பிறகு 27 மணி நேரப் பெற்றோர் பயிற்சி. அதில் எனக்குப் பதிந்தது ஒன்று: வருகிற பிள்ளை எங்களைக் கண்டு சந்தோஷப்படுவதற்கு முன்னால், விட்டு வந்ததை நினைத்து அழும். அந்த நாட்களில் என் வேலை நேரத்தையும் சேர்த்துப் பார்த்த இரண்டு தோழிகளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சத்தைப் பற்றி உறவுக்குள்ளே ஒரு கேள்வி வந்தது, மறைக்கவில்லை. "பிள்ளை எந்தக் குடி என்று சொல்லுவீங்க?" என்று கேட்டா என் பெரியம்மா. நான் வாயடைத்து நிற்க, மாமி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னா: "தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. நம்மட பக்கத்தில எப்பயும் அப்படித்தானே?" பெரியம்மா அதற்குமேல் பேசவில்லை. இப்போது கோயிலில் எங்களுக்காக நேர்ந்திருப்பதும் பெரியம்மாதான், அவவுக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் "எப்ப பிள்ளை?" என்று கேட்க வேண்டாம், செய்தி வந்தால் நாங்களே சொல்வோம். மாமி, நீங்கள் தொட்டில் கயிறு வாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி. கோப்பில் ஐந்து வயதுவரை என்று எழுதியிருக்கிறோம். கயிறு நல்லதென்றால் அதை ஊஞ்சலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.