பாட்காஸ்ட் கேட்போர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் இதன் நகல் போய்ச் சேரும்.

மனமும் வேலையும் பற்றிய பாட்காஸ்டைக் கேட்டுப் பேச மாதந்தோறும் கூடுகிறோம். ஒரு மாதம் கூட்டம் நடக்கவில்லை. அன்று கதவைத் திறந்து காத்திருந்தவன் நான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். நிர்வாகிகள் தேர்வு போட்டியின்றி முடிந்தது.

இனி கருத்தேடு. ஒவ்வொரு எபிசோடுக்கும் உறுப்பினர்களிடம் கருத்துச் சீட்டு எழுதி வாங்கி, தொகுத்து, தயாரிப்புக் குழுவுக்கு அனுப்பலாம் என்று சென்ற ஆண்டு கைதட்டித் தீர்மானம் போட்டோம். கை தட்டியது எல்லோரும், தொகுத்தது நான்.

வந்த வரையில் புகார்தான் அதிகம். தொகுப்பாளர் விருந்தினரைப் பேசி முடிக்க விடுவதில்லை. கதை சூடு பிடிக்கும்போது விளம்பரம் வருகிறது. அரை மணியில் சொல்ல வேண்டியதை இழுக்கிறார்கள். (கடைசிப் புகாரை எழுதியவர் எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பவர்.) எல்லாம் மேலாளர்களுக்கான யோசனையாகவே இருக்கிறது, ஷிப்டில் நிற்பவனுக்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏட்டிலேயே உருப்படியான வரி அது.

பணிச்சோர்வு எபிசோடு சூடான விவாதமானது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகவே வகைப்படுத்தியது. அப்பாடா என்றார் ஒருவர். நோயில்லை என்றால் லீவு கிடைக்காதே என்றார் இன்னொருவர்.

எல்லோரும் ஒருமனதாகப் பாராட்டியது கயிறு இழுக்கும் எபிசோடு. ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது என்று பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மான் 1913இல் எழுதினார். எட்டுப் பேர் இழுத்தால் ஆளுக்குப் பாதி பலம்தான் தேறுகிறதாம். 1974இல் இன்னொரு சோதனை: கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். உண்மையில் இழுத்தவர் ஒருவர்தான். அப்போதும் பலம் குறைந்தது. அன்று தலையாட்டாதவர் இல்லை. அந்த எபிசோடுக்கு வந்த சீட்டு இரண்டு, ஒன்று என்னுடையது.

வரவு செலவு ஏறக்குறையச் சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கி யார் யாருக்கு என்பதும் அவரிடம் இருக்கிறது. பாக்கி வைத்தவர்களுக்கும் அது தெரியும்.

தலைவருக்கும் பொருளாளருக்கும் இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

அப்புறம், வரும் ஆண்டு. யார் எவ்வளவு செய்தார் என்று தனித்தனியாகத் தெரிந்தால் இந்த அசட்டை குறையும் என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. எனவே சீட்டில் பெயர் கட்டாயம். சந்தாப் பட்டியலும் கூட்டத்தில் வாசிக்கப்படும். ஏட்டையும் சாவியையும் இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பொறுப்பேற்க யாராவது முன்வந்தால், கூட்டம் முடிந்ததும் வாசலருகே நிற்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்