முதலில் நீ தூங்கு

அன்பு மகளுக்கு,

"ஒரே ஒரு நாள் அவன் பக்கத்தில் இல்லாமல் இருந்தால் போதும் என்று தோன்றுகிறதம்மா, நானெல்லாம் ஒரு தாயா?" என்று நேற்று போனில் கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் என் பேரன் கத்துவது கேட்டுப் போனை வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

ஆட்டிசம் என்னும் மூளை வளர்ச்சி வேறுபாட்டோடு பிறந்து, நடு இரவில் எழுந்து விடியும்வரை குதித்துக்கொண்டிருக்கும் பிள்ளையோடு விழித்திருந்து, காலையில் வேலைக்கும் ஓடுகிற எவருக்கும் அப்படித் தோன்றும். உன் உடம்பு ஓய்வு கேட்கிறது. அதைப் பாசக் குறைவு என்று நீயே உன்மேல் எழுதிக்கொள்ளாதே.

ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகளின் தாய்மார்களிடம் நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை அளந்து பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த முடிவின்படி, அது மற்றத் தாய்மார்களைவிடக் குறைவாக இருந்தது. போர்முனை வீரர்களைப் போல நெடுநாள் நெருக்கடியில் வாழ்பவர்களிடம் தெரிகிற மாற்றம் அது. அவசரத்துக்குச் சுரந்து சுரந்து உடம்பே ஓய்ந்துபோவதாகக் கருதுகிறார்கள். இதை மன உறுதியால் வென்றுவிட முடியும் என்று யாராவது உபதேசித்தால் காதில் போட்டுக்கொள்ளாதே.

உறவினர் பேச்சையும் அப்படியே விடு. நீ வேலைக்குப் போனதால்தான் இப்படி, கையில் போனைக் கொடுத்ததால்தான் இப்படி என்கிறார்கள். இந்தப் பழிக்கு வயது அதிகம். லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943-இல் ஆட்டிசத்தை விவரித்த பிறகு, தாயின் பாசக் குறைவே காரணம் என்று மருத்துவர்களே பல ஆண்டுகள் சொன்னார்கள். எத்தனை பெண்கள் அதை நம்பித் தங்களையே வெறுத்திருப்பார்கள்! பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரும் ஓர் ஆட்டிசப் பிள்ளையின் தகப்பன், 1964-இல் அதை ஆதாரங்களோடு மறுத்தார். 1977-இல் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு, மரபணுவுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. அறிவியல் கைவிட்ட பழியை உறவினர்கள் இன்னும் கைவிடவில்லை, அவ்வளவுதான்.

உன்னை நசுக்குவது எது என்று யோசித்துப் பார்த்தேன். 'ஆட்டிசம்' என்று மருத்துவர் சொன்ன அந்தச் சொல் அல்ல என்றே நினைக்கிறேன். அவனது தூக்கமின்மை, கதவு திறந்திருந்தால் வெளியே ஓடிவிடுவான் என்ற பயம், கடையில் அவன் தரையில் விழுந்து கதறும்போது திரும்பிப் பார்க்கும் முகங்கள், பிறகு நமக்குப்பின் அவனுக்கு யார் என்ற கேள்வி. கடைசிக் கேள்விக்கு இன்று இரவே விடை தேடாதே. தூக்கத்துக்கு வழி தேடு. அவன் தூங்காததை அவனது மருத்துவரிடம் தனிப் பிரச்சினையாகவே சொல். பல ஆட்டிசக் குழந்தைகளுக்கு இந்தச் சிக்கல் உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு. அதற்காகப் பேச்சுப் பயிற்சியில் ஒரு வகுப்பு குறைந்தாலும் பரவாயில்லை. அவன் கதறுவதும் பிடிவாதத்தால் அல்ல; சத்தமும் வெளிச்சமும் அவனால் தாங்க முடியாத அளவைத் தாண்டிவிடுகின்றன. அவனும் களைத்துத்தான் போகிறான்.

மாப்பிள்ளை வீட்டுக்குத் தாமதமாக வருகிறார் என்று வருத்தப்பட்டாய். அவரும் பயந்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் வாரத்தில் இரண்டு இரவுகள் அவர் முறை என்று நேரடியாகச் சொல்லிவிடு. ஜாடை வேண்டாம்.

உன்னைப் போன்ற தாய்மார்களோடு சேர். அமெரிக்காவில் ஓர் ஆய்வில், மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் 243 பேர், பயிற்சி பெற்ற அத்தகைய தாய்மார்களே நடத்திய குழுக்களில் ஆறு வாரம் கூடினார்கள். மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. விளக்கம் சொல்லாமலே புரிந்துகொள்கிறவர்கள் உனக்கு வேண்டும். நான்கூட அந்த இடத்தை நிரப்ப முடியாது.

வாழவே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போ. எந்நேரமானாலும் என்னையும் எழுப்பு.

அடுத்த மாதம் வந்து உங்களோடு தங்குகிறேன். சமையலுக்காக அல்ல, அவனோடு இருப்பதற்காக. அவனுக்குத் தாங்காத சத்தங்கள் எவை, பசித்தால் எதைக் காட்டுவான், தூங்கும் முன் எது எந்த வரிசையில் நடக்க வேண்டும், கட்டிப்பிடித்தால் பிடிக்குமா பிடிக்காதா, எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. வருவதற்குள் படித்து வைத்துக்கொள்கிறேன். என் படம் ஒன்றை அனுப்புகிறேன். தினமும் அவனுக்குக் காட்டு, திடீரென்று வந்து நின்றால் மிரளுவான். முதல் சில நாட்கள் நீயும் கூடவே இரு. அவன் என்னிடம் பழகிய பிறகு, அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடு. அவன் அழுதாலும் நான் கூப்பிடும்வரை எழுந்து வராதே.

அன்புடன்,
அம்மா