கேட்காமல் போட்ட ஆமா

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, "எல்லாத்துக்கும் ஆமா ஆமாங்கிறீங்களே, நான் பேசுறது காதுல விழுதா இல்லையாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். நாலு நாளாக அதே நினைப்பு.

இந்த ஆமா உன் தாத்தாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. அவர் வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர் என்று உனக்குத் தெரியும், பார்த்ததில்லை. நீ பிறப்பதற்குள் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. மண்குடத்தை வைக்கோல் புரிமணையில் சாய்த்து வைத்து, வில்லின் நடுப்பகுதியை அதன் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். தாத்தாவின் ஒரு கையில் பாளை மட்டை. அது குடத்தின் வாயில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் வயிற்றுக்குள் 'பும்' என்று கேட்கும். இன்னொரு கையில் தேய்ந்துபோன ஒரு காசு. அது தட்டினால் 'டிங்'. தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி வீசுகோலால் நாணில் ஒரு போடு போட்டதும் வில்லில் தொங்கும் மணியெல்லாம் கூடவே சிலிர்க்கும். இன்றைக்கும் எவர்சில்வர் குடத்தை யாராவது ணங்கென்று வைத்தால் என் விரல் தானாகத் தாளம் போடுகிறது. உன் அம்மா இதற்குப் பலமுறை திட்டியிருக்கிறாள்.

2021-இல் வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்துக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது நீ ஒரு வீடியோ அனுப்பி, "தாத்தா பாட்டு இதுதானே?" என்று கேட்டாய். அது மேடை வில்லு, அருமையாகத்தான் இருந்தது. ஆனால் தாத்தாவுடையது கோயில் வில்லு. கொடைத் திருவிழா நடக்கும் கோயிலில் சாமியைப் பார்த்து உட்கார்ந்து, அந்தச் சாமியின் கதையை விடிய விடிய அதன் எதிரிலேயே பாடுவது. கைதட்டல் கிடையாது. பாட்டு சரியாக ஏறினால் சாமி ஆடும். ஏறாவிட்டால் ஊர்க்காரர்கள் அண்ணாவியை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

சரி, ஆமாவுக்கு வருகிறேன். அண்ணாவி ஒரு வரி சொன்னால், பக்கத்தில் இருப்பவர் ஆமா போட வேண்டும். பிந்தினால் அண்ணாவிக்கு மூச்சு முட்டும். முந்தினால் கதை கெடும். பயந்து ஒரு ஆமா, சந்தேகமாக ஒரு ஆமா, தொண்டை அடைத்து ஒரு ஆமா என்று எத்தனையோ உண்டு. எனக்கு 12 வயதில், களக்காட்டுப் பக்கம் ஒரு கொடையில், ஆமா போடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. என்னை உட்கார வைத்தார்கள். முத்துப்பட்டன் கதை. பூணூலை அறுத்துப் போட்டுவிட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிய பட்டன், மாட்டுக் கள்ளர்களோடு சண்டை போட்டு ஜெயித்த பிறகு, ஒளிந்திருந்த ஒருவன் குத்திச் சாகிற இடம். நேரம் இரண்டு மணி தாண்டியிருக்கும். பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அண்ணாவி கையை விரித்து, "பட்டன் சாகத்தான் வேணுமா?" என்றார். தூக்கத்தில் நான் கணீரென்று "ஆமா" என்றேன்.

கூட்டம் சிரித்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்களும்தான்.

தாத்தா அடிக்கவில்லை. விடிந்து வரும் வழியில் வாய்க்காலில் என் முகத்தைக் கழுவிவிட்டு, "தூக்கம் வந்தா சொல்லிட்டுப் போய்ப் படுல. கேக்காம ஆமா போடாத," என்றார். அவ்வளவுதான்.

தாலுகா ஆபீசில் 31 வருஷம் நான் சம்பளம் வாங்கியது ஏறக்குறைய அந்த ஆமாவுக்குத்தான். பட்டா மாற்ற வரும் கிழவி, கொழுந்தன் கல்யாணத்தில் தொடங்கி சர்வே நம்பருக்கு வந்துசேர அரை மணி நேரம் ஆகும். பக்கத்து மேசைக்காரர் எரிச்சல்படுவார். நான் ஆமா போட்டுக்கொண்டிருப்பேன். நடுவில் எங்கேயோ ஒரு வரியில்தான் உண்மையான தகராறு ஒளிந்திருக்கும்.

அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தேன் என்றால், குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றில் அணைக்கச் சொல்லிவிட்டு உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். "வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துரட்டுமாப்பா?" என்று நீ கேட்டதும், அதற்கும் நான் ஆமா என்றதும், நீ போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வரவேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் இன்னும் சொல்லவில்லை, செல்வி. அந்த ஆமாவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. வருகிற ஞாயிறு காலையிலேயே கூப்பிடு. அடுப்பில் ஒன்றும் இருக்காது. முதலிலிருந்து சொல்லு.

அன்புடன்,
அப்பா