கடலில்லா ஊரில் இறால் வான்டன்: சமையல் குறிப்புக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த, எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் சுட்டெடுக்கும் மொறுமொறு இறால் வான்டன் (மெல்லிய மாவுத் தாளில் பூரணம் வைத்துச் செய்யும் பண்டம்) பற்றிய சமையல் குறிப்பைப் படித்துவிட்டு, கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரக்குழந்தைகளுக்காக அதில் சொல்லியபடியே செய்தவள் நான். பச்சை இறாலை அரைத்து, இஞ்சி பூண்டு சேர்த்து, மாவுத் தாளில் மடித்து, 180 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் போதும் என்று அதில் இருந்தது. பத்து நிமிடம் கழித்துத் தட்டை வெளியே எடுத்தபோது ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. அடிப்பக்கமோ ஆவியில் வெந்த கொழுக்கட்டையைப் போல வழவழத்தது. ஒன்றைப் பிட்டுப் பார்த்தேன். நடுவிலிருந்த இறால் இன்னும் சாம்பல் நிறத்தில், கண்ணாடிபோல இருந்தது. வேகாத இறாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்க மனம் வராமல் முப்பதையும் கொட்டினேன். அந்தக் குறிப்பைப் பார்த்து இன்னும் எத்தனை வீடுகளில் இப்படி ஆனதோ என்ற கவலையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அதன் பின் மூன்று வாரங்களில் ஐந்து முறை செய்து பார்த்து, குறிப்பில் எது விடுபட்டது என்பதை ஓரளவு கண்டுகொண்டேன்.

குறிப்பில் விடுபட்டது ஈரத்தைப் பற்றிய பேச்சு. இறாலில் உள்ள புரதம் சூட்டில் சுருங்கும்போது, தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது. எண்ணெயில் பொரிக்கும்போது அந்த நீரால் பெரிய கெடுதல் இல்லை. கொதிக்கும் எண்ணெய் மேலுறையை எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொண்டு, ஈரத்தை நுரையாகக் கிளப்பி வெளியேற்றிவிடும். ஓவனுக்குள் இருக்கும் சூடான காற்று அவ்வளவு விரைவாகச் சூட்டைக் கடத்துவதில்லை. அதனால் பச்சை இறாலிலிருந்து வடியும் நீர் மாவுத் தாளின் அடியில் தேங்கி, அதை உள்ளிருந்தே அவித்துவிடுகிறது. தாளை மொறுமொறுப்பாக்க நேரத்தைக் கூட்டினால் ஓரம் கருகும்; ஓரத்தைக் காப்பாற்ற முன்னதாக எடுத்தால் உள்ளே வேகாது.

ஆகவே பூரணத்தை முன்பே முழுதாக வேகவைத்து, நீர் வற்றச் செய்து, நன்றாக ஆறவிட்ட பிறகே மடிக்க வேண்டும். ஓடு நீக்கிய இறால் கால் கிலோ எடுத்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை நீக்கிக் கழுவி, சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி ஒற்றியெடுக்கிறேன். பிறகு அதை அரைக்காமல் பட்டாணி அளவுக்குக் கத்தியால் நறுக்குகிறேன். அரைத்தால் பசைபோலாகி, கடிக்கும்போது இறால் என்றே தெரிவதில்லை. வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய இஞ்சியும் பூண்டும் வதங்கியதும் இறாலைப் போட்டுப் பெரிய தீயில் இரண்டு மூன்று நிமிடம் கிளறினால், சாம்பல் நிறம் மாறி வெண்மையும் சிவப்புமாகச் சுருளும். மீனுணவுகளின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டி. அதற்கான வெப்பமானி நம் வீடுகளில் இராது என்பதால், நறுக்கிய துண்டு ஒவ்வொன்றும் கண்ணாடித் தன்மை போய் உள்வரை வெளுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே வழி. அதன்பின் மிளகுத்தூள், சில சொட்டு சோயா சாஸ், வெங்காயத்தாள் சேர்த்து, ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரைத் தூவிப் புரட்டினால் எஞ்சிய கசிவையும் அது பிடித்துக்கொள்ளும். முட்டைக்கோஸ் சேர்க்க விரும்புவோர், துருவி உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்து, கையால் ஒட்டப் பிழிந்துவிட்டே சேர்க்க வேண்டும். வதக்கிய பூரணத்தை அகலமான தட்டில் பரப்பி, ஆறியதும் குளிர்பெட்டியில் இருபது நிமிடம் வைக்கிறேன். சூடாக மடித்தால் அதன் ஆவியே தாளை நனைத்துவிடும்.

இறால் வாங்குவதைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனெனில் குறிப்பில் 'அன்று பிடித்த இறால்' என்று ஒரு வரி இருந்தது. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கடல் இல்லை. சென்னைக் கடற்கரை எங்களுக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். எங்களுக்கு மீன் என்றால் கே.ஆர்.பி. அணை எனப்படும் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் மசாலா தடவி வறுத்துத் தரும் கட்லாவும் ஜிலேபி மீனும்தான். தருமபுரிப் பக்கத்தாருக்கு ஒகேனக்கல் மீன். கடல் மீன் எங்களிடம் ஐஸ் பெட்டியில் லாரியேறித்தான் வருகிறது. அதிலும் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஜூன் மாத முதல் இரண்டு வாரங்களில் இரண்டு கரைகளிலுமே விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். பள்ளி விடுமுறையும் இந்தத் தடைக்காலமும் சேர்ந்தே வருவதால், 'கடல் இறால்' என்று சொல்லி அந்நாட்களில் விற்கப்படுவதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்து வாங்க வேண்டும்.

தடையில்லாமல் ஆண்டு முழுவதும் கிடைப்பது பண்ணையில் வளர்க்கும் வனமி இறால். நெல்லூரைச் சுற்றியுள்ள ஆந்திரக் கடலோரக் குளங்களில் இது பெருமளவில் வளர்க்கப்படுகிறது. என் அனுபவத்தில், இந்த வேலைக்கு வனமியே பொருத்தமானது. அளவு சீராக இருக்கும், விரைவில் வேகும். தலையோடு வாங்கினால் தலையும் உடலும் சேரும் இடம் இறுக்கமாக இருக்கிறதா, தலை கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். அமோனியா நெடி சிறிதளவு அடித்தாலும் வாங்குவதில்லை. ஐஸ் உருகி, தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் இறாலைவிட, உறைநிலையில் அடைத்து விற்கும் பொட்டலத்தையே எங்களைப் போன்ற உள்நாட்டு ஊர்க்காரர்கள் நம்பலாம் என்பது என் துணிபு. அதை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால், மறுநாள் பக்குவமாக இளகியிருக்கும். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் வெளிப்புறம் வெந்து உட்புறம் உறைந்தே நிற்கும். இளகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. பொட்டலத்தில் போட்டிருக்கும் எடையில் பனிப்படலமும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது நல்லது. தலையும் ஓடும் உள்ள இறாலென்றால், நீக்கிய பின் ஏறத்தாழப் பாதிதான் தேறும். அணை மீனில் இதைச் செய்யலாமா என்று என் சம்பந்தியம்மா கேட்டார். கட்லாவை ஆவியில் வேகவைத்து உதிர்த்துச் செய்தேன், சுவை குறைவில்லை. ஆனால் சதைக்குள் பொதிந்திருக்கும் மெல்லிய முட்களை விரலால் தடவித் தடவி எடுக்கவே ஒரு மணி நேரமாயிற்று. சிறு பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது தாள். 'கடைகளில் கிடைக்கும் வான்டன் தாள்' என்று குறிப்பு ஒரே வரியில் கடந்துவிட்டது. எங்கள் ஊர் ரவுண்டானாவைச் சுற்றியுள்ள கடைகளில் நான் கேட்டபோது, எல்லோரும் சமோசாத் தாளைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். பெங்களூருவுக்குப் போய் வாங்கி வரலாம்தான்; நாலு பேர் சாப்பிடும் ஒரு சிற்றுண்டிக்காகத் தொண்ணூறு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. போளிக்கு மாவு பிசையத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும், ஆணுக்கும், இது கைவரும். இரண்டு குவளை மைதா, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு முட்டை, ஏறத்தாழ 80 மில்லி தண்ணீர். போளி மாவைப் போலத் தளர்வாக இல்லாமல், பூரி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விட வேண்டும். மாவை இப்படி ஓயவிடாவிட்டால், தேய்க்கத் தேய்க்க ரப்பரைப் போலச் சுருங்கிக்கொண்டே வரும். பிறகு கார்ன்ஃப்ளார் தூவி, ஒரு சாண் அகலத்துக்குத் தேய்த்து, ஒன்பது சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டுகிறேன். எவ்வளவு மெல்லியதாக வேண்டும் என்பதற்கு என்னிடம் ஓர் அளவு உண்டு: தேய்த்த தாளை மணிக்கட்டின் மேல் போட்டால், அடியில் உள்ள கண்ணாடி வளையலின் பச்சை நிறம் தாளுக்கு மேலே தெரிய வேண்டும். முதல் இரண்டு முறையும் எனக்கு அது தெரியவில்லை, தாளும் மொறுமொறுக்கவில்லை. மூன்றாம் முறை தெரிந்தது.

ஓவனை முன்னதாகவே சூடேற்றுவதைக் குறிப்பு சொல்லவே இல்லை. வீட்டு ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவனில்) மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு, 200 டிகிரியில் கால் மணி நேரம் சூடேறிய பிறகே தட்டை நடுத்தட்டில் வைக்க வேண்டும். மடித்த ஒவ்வொன்றின் இரு பக்கமும் எண்ணெயைத் தூரிகையால் மெல்லத் தடவ வேண்டும். எண்ணெய் படாத இடம் மொறுமொறுக்காது, மாவு வெளுத்து வறண்டு நிற்கும். முப்பது வான்டனுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் தாராளம். ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி, ஆறு நிமிடத்தில் ஒருமுறை திருப்பிப் போட்டு, மொத்தம் பத்து முதல் பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். எடுத்ததும் கம்பி வலையின் மேல் ஆறவிடுகிறேன்; தட்டிலேயே விட்டால் அடியில் வியர்த்துவிடும்.

இவையெல்லாம் செய்த பிறகும், நான்காம் முறைதான் எனக்கு மிகச் சரியான வழி கிடைத்தது. தாளை மடிக்காமல், இரும்புக் குழிப்பணியாரச் சட்டியின் குழிகளில் எண்ணெய் தடவி, ஒவ்வொரு குழியிலும் ஒரு தாளை அழுத்திக் கிண்ணம்போலப் பொருத்தினேன். இதற்குத் தாள் ஏழு சென்டிமீட்டர் இருந்தால் போதும். மரப்பிடியோ பிளாஸ்டிக் பிடியோ இல்லாத சட்டியாக இருக்க வேண்டும். வெறும் கிண்ணங்களையே ஏழெட்டு நிமிடம் ஓவனில் சுட்டுப் பொன்னிறமானதும், வதக்கி வைத்த இறாலை ஒவ்வொரு கரண்டி இட்டு, மீண்டும் நான்கு நிமிடம் வைத்தேன். கிண்ணம் முதலிலேயே காய்ந்துவிட்டதால், பூரணத்தின் ஈரம் உடனே அதைத் தொட முடியவில்லை. பேத்தி அதைக் கடித்தபோது அடுத்த அறையிலிருந்த என் கணவருக்குச் சத்தம் கேட்டது. இப்படிச் செய்தாலும் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நேரம் போகப் போக ஈரம் மெல்ல ஏறத்தான் செய்யும். விருந்துக்குச் செய்வோர் வெறும் கிண்ணங்களை முன்பே சுட்டு ஆறவைத்துக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்துக்கொண்டு, விருந்தினர் வந்தபின் பூரணம் இட்டுச் சூடாக்கித் தரலாம்.

பொரித்தே தின்றால் என்ன என்று கேட்போருக்கு ஒரு சொல். ஒருமுறை இறால் பொரித்த எண்ணெயை யாரும் உடனே கொட்டுவதில்லை. அது மறுநாள் அப்பளத்துக்கும் அடுத்த நாள் வடைக்கும் போகும். பொரித்த எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் வரையறுத்துள்ளது. வீட்டில் அதை அளந்து பார்க்க வழியில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று மாத்திரை எடுப்போர் உள்ள எங்கள் வீட்டில், சுட்டெடுக்கும் முறையை நான் விடாமல் முயன்றதற்குக் காரணம் இதுதான்.

குறிப்பில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய ஒரு வரி ஒவ்வாமை பற்றியது. இறாலும் நண்டும் சிலருக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. உதடு வீங்குவதில் தொடங்கி மூச்சுத்திணறல் வரை போகும். அதற்குக் காரணமான புரதம் வேகவைத்தாலும் சுட்டாலும் அழிவதில்லை. வறுவலாகத் தட்டில் வைத்தால் இறால் என்று கண்ணுக்குத் தெரியும். மாவுக்குள் மடித்துவிட்டால் வெஜ் சமோசாவுக்கும் இதற்கும் பார்வைக்கு வேறுபாடு இல்லை. என் தங்கை மகனுக்கு இறால் ஆகாது. அவன் வரும் நாளில் அவனுக்கென்று உருளைக்கிழங்கு வைத்து முக்கோணமாக மடித்து, இறாலுக்கு முன்னதாக, தனித் தட்டில் சுட்டு எடுத்து வைத்துவிடுவேன். இறாலை எப்போதும் கிண்ண வடிவில் மட்டுமே செய்வேன். குழந்தைகளும் வடிவத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

தொட்டுக்கொள்ள, குறிப்பில் சொல்லியிருந்த புட்டிச் சாஸ் எங்களுக்குத் தேவைப்படவில்லை. மாங்கூழுக்குப் பெயர்போன மாவட்டம் எங்களுடையது. நாங்கள் பெங்களூரா என்று சொல்லும் தோத்தாபுரி மாம்பழத்தின் கூழ் ஒரு குவளை, ஊறவைத்து அரைத்த வற்றல் மிளகாய் மூன்று, பூண்டு நான்கு பல், உப்பு, இரண்டு கரண்டி வினிகர். இவற்றைச் சிறு தீயில் பளபளப்பாகும் வரை கிளறினால், இனிப்பும் புளிப்பும் காரமுமாக இறாலுக்கு அவ்வளவு பொருத்தம். வான்டன் சீனத்துப் பண்டம். அங்கே அதைப் பெரும்பாலும் சூப்பில் வேகவைத்தே உண்கிறார்கள், காண்டனீஸ் மொழியில் அதன் பெயரை எழுதும் எழுத்துகளுக்கு 'மேகத்தை விழுங்குதல்' என்று பொருள். அது இத்தனை தூரம் வந்து கிருஷ்ணகிரி மாங்கூழோடு சேர்ந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தக் குறிப்பைத் திருத்தி, வரும் ஞாயிறு இணைப்பிலேயே வெளியிட வேண்டும். இடம் குறைவாக இருந்தால் நான்கு திருத்தங்களாவது போதும்: இறாலை முன்பே வேகவைத்து ஆறவிட வேண்டும், ஓவனைக் கால் மணி நேரம் முன்னதாக 200 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும், வான்டன் தாளை வீட்டிலேயே செய்யும் முறை, இறால் ஒவ்வாமை எச்சரிக்கை. பள்ளி திறக்க இன்னும் சில நாட்களே உள்ளன; அதற்குள் பல வீடுகளில் இதை முயன்று பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருவர்,
கிருஷ்ணகிரி.